இரைப்பை பைபாஸ் முடிந்து ஆறு வருடம்: சோற்றைவிட டம்ளரைத்தான் கவனிக்க வேண்டியிருந்தது

பைபாஸ் என்று சொன்னதும் எல்லோரும் முதலில் கேட்பது ஹார்ட்டா என்றுதான். இல்லை, இரைப்பை. எடை குறைய இரைப்பையைச் சின்னப் பையாக்கி நேரே குடலோடு இணைக்கிற ஆப்பரேஷன். 2019 ஜூனில் 118 கிலோ எடையோடும் எட்டு வருடச் சர்க்கரையோடும் ஆப்பரேஷனுக்குப் போனேன், பதினான்கு மாதத்தில் 74க்கு வந்தேன், நடுவில் 81 வரை ஏறி இப்போது 76இல் நிற்கிறேன். அந்த நடுவில் ஏறிய ஏழு கிலோவைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஆப்பரேஷனுக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் எத்தனை கிலோ குறையும் என்பதுதான். எதைக் குடிக்கலாம் என்று கேளுங்கள் என்று நானாகவே அவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முதல் இரண்டு வாரம் தண்ணீரே பெரிய வேலை. எனக்கு விட்டுவைத்த இரைப்பைப் பை கிட்டத்தட்ட 30 மில்லி, அதனால் இருமல் மருந்து அளக்கிற குட்டிக் கப்பில் ஊற்றிப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நனைத்துக்கொள்கிற மாதிரி குடித்தேன். வடிகட்டிய மோர், பருப்புத் தண்ணீர், தெளிந்த ரசம். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் உள்ளே போக வேண்டும் என்றார்கள், முதல் வாரத்தில் ஒரு லிட்டரைத் தொடுவதற்கே ராத்திரி பத்து மணி ஆகும். அந்தக் கஷ்டம் இரண்டு மாதத்தில் போய்விடும், அதற்காகப் பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது அதற்கப்புறம். கோழித்துண்டோ சுண்டலோ நான்கு வாய் போனால் நெஞ்சுக்குக் கீழே நிறைந்துவிடும், ஐந்தாவது வாய் இறங்காது. ஆனால் திரவம் நிற்பதில்லை. பைபாஸில் இரைப்பையின் அடிவாசல் வால்வைத் தொடாமலே பாதை போகிறது, அதனால் கரைந்து போகிற எதுவும் நேரே குடலுக்கு இறங்கிவிடும், வயிறு நிறைந்த உணர்வே வராது. வறண்ட சப்பாத்தி அரை கூடச் சாப்பிட முடியாத நான், நன்றாகப் பிசைந்த ரசம் சாதம் ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லியிருக்கிறேன். சாதம் இறங்குகிறதே, உடம்பு பழகிவிட்டது என்று அப்போது சந்தோஷப்பட்டேன். அது பழக்கம் இல்லை, வழுக்கிக்கொண்டு போகிறது, அவ்வளவுதான்.

ஏழு கிலோ ஏறியது இரண்டாவது, மூன்றாவது வருடத்தில். தட்டில் எதுவும் கூடவில்லை, காபிதான் கூடியது. காலையில் ஒன்று, ஆபீஸில் இரண்டு, சாயங்காலம் ஒன்று. ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சீனி என்றால் கிட்டத்தட்ட பத்து கிராம், நாலு காபிக்கு நாற்பது கிராம் சீனி, பால் தனி. அதோடு உடம்புக்கு நல்லது என்று வெல்லம் போட்ட சத்துமாவுக் கஞ்சி. டயட்டீஷியன் ஒரு வாரம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வரச் சொன்னபோதுதான் எனக்கே தெரிந்தது. நான் குடித்ததையெல்லாம் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

டம்பிங், அதாவது உள்ளே போனது வேகமாகக் குடலில் இறங்கி உடம்பைப் படுத்துவது, எனக்கு இரண்டு விதமாகவும் வந்திருக்கிறது. ஒரு கல்யாணத்தில் அரை கப் பால் பாயசம் குடித்த இருபதாவது நிமிடம் படபடப்பு, வியர்வை, வயிற்றைப் பிசைகிற வலி, மண்டபத்து அறையில் ஒரு மணி நேரம் படுத்தே கிடந்தேன். அதுவாவது காரணம் புரிகிறது. இன்னொன்று தாமதமாக வருகிறது, அதுதான் ஆபத்து. மாட்டுத்தாவணியில் ஒரு கிளாஸ் கரும்புச்சாறு குடித்துவிட்டுத் திருச்சி பஸ் ஏறினேன், விராலிமலை நெருங்கும்போது கை நடுங்கி, கண் மங்கி, பக்கத்தில் இருந்த அம்மா பேசியது காதில் விழவில்லை. பையில் இருந்த சர்க்கரை பார்க்கிற மெஷினில் பார்த்தால் 54. சர்க்கரை ஒரே பாய்ச்சலாகக் குடலில் இறங்கினால் இன்சுலின் தேவைக்கு மேல் சுரந்து, ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் ரத்தச் சர்க்கரை சரிந்துவிடும் என்று டாக்டர் விளக்கினார். அன்றைக்குப் பதற்றத்தில் ஒரு ஜூஸ் பாக்கெட்டை முழுதாகக் குடித்தேன், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் சரிந்தது. இப்போது அப்படி ஆனால் அளவாகக் குளுக்கோஸ், தெளிந்ததும் வேர்க்கடலையோ முட்டையோ. திரும்பத் திரும்ப வந்தால் கண்டிப்பாக டாக்டரிடம் போங்கள், நீங்களாகவே சமாளிக்காதீர்கள்.

காபியால் இன்னொரு நஷ்டமும் இருந்தது. இரும்புச்சத்து மாத்திரையை விழுங்கிய கையோடு காபி குடித்துக்கொண்டிருந்தேன், மூன்றாவது வருடம் ஹீமோகுளோபின் 9.2க்கு இறங்கியது. பைபாஸ் ஆனவர்களுக்கு இரும்பு ஏற்கெனவே சரியாகச் சேராது, காபியும் டீயும் இன்னும் தடுக்கும். இப்போது இரும்பு மாத்திரை ராத்திரியில், சீனி போடாத எலுமிச்சைத் தண்ணீரோடு. கால்சியத்துக்கும் அதற்கும் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி.

சோற்றை நான் விடவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். விடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது ஒத்துவரவில்லை, பத்து நாள் விட்டால் பதினோராம் நாள் வெறி வருகிறது. முதலில் முட்டை, மீன், பனீர், சுண்டல் இவற்றில் ஏதாவது ஒன்று, அப்புறம் காய், கடைசியில் இடம் இருந்தால் மூன்று ஸ்பூன் சாதம், குழம்பு ஒட்டுகிற அளவுக்கு மட்டும். நாளைக்கு அறுபது கிராம் புரதம் முதலில் உள்ளே போய்விட்டால் சோற்றின் மேல் ஆசை தானாகவே அடங்குகிறது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் தண்ணீர் இல்லை.

காபி இப்போது ஒன்றுதான், சீனி இல்லாமல். நாக்கு பழகச் சரியாக மூன்று வாரம் ஆனது. வெயிலில் உப்பு போட்ட நீர்மோர். இளநீர் குடிப்பேன், அதிலும் சர்க்கரை இருப்பதால் பாதிதான், ஒரே மூச்சில் இல்லை. சோடா வகை எதுவும் இல்லை, காற்று அடைத்துக்கொண்டு வலிக்கும் வலியை ஒரு தடவை பார்த்தால் போதும். சொந்தக்காரர்கள் வீட்டில்தான் கஷ்டம். "ஒரு வாய் குடிச்சா என்ன ஆயிரும்?" என்று அத்தை டம்ளரைக் கையில் திணிப்பார். மோர் கொடுங்க அத்தை என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறேன், இப்போது எனக்கென்று தனியாக எடுத்து வைக்கிறார்.

மது குடிக்கிற பழக்கம் உள்ளவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். பைபாஸுக்குப் பிறகு கொஞ்சம் குடித்தாலும் வேகமாக ஏறும், அதிக நேரம் நிற்கும், முன்பு அளவோடு இருந்தவர்கள்கூட அடிமையாகிறார்கள். என்னோடு அதே வாரம் ஆப்பரேஷன் ஆனவர் ஒருவர் அப்படித்தான் மாட்டிக்கொண்டார். ஆப்பரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் மறைக்காமல் பேசுங்கள்.

இந்த ஆடியில் மாரியம்மன் கோவில் கூழை ஆறு வருடத்துக்குப் பிறகு வாங்கினேன். கேழ்வரகுக் கூழ், அரை டம்ளர், தண்ணீர் விட்டுக் கரைக்காமல் கெட்டியாகவே, ஸ்பூனில் எடுத்து, கருவாடும் முருங்கைக்கீரையும் முதலில் சாப்பிட்டுவிட்டு, அரை மணி நேரம் உட்கார்ந்து. இரண்டு மணி நேரம் கழித்து மெஷினில் பார்த்தேன், 96.