ஜிபானா, எக்ஸ்ஜிஎஸ்-பானா?

வீடுகளுக்கு வரும் ஒளியிழை இணையத்தில் பரவலாக ஓடும் தொழில்நுட்பம் ஜிபான் (GPON). தரவிறக்கத்துக்கு விநாடிக்கு 2.5 ஜிகாபிட், பதிவேற்றத்துக்கு அதில் பாதி. 2016-இல் தரப்படுத்தப்பட்ட அதன் புதிய வடிவமான எக்ஸ்ஜிஎஸ்-பான் (XGS-PON) இரு திசையிலும் 10 ஜிகாபிட் தருகிறது.

விளம்பரக் கணக்கு ஏமாற்றுவது இங்கேதான். அந்த வேகம் ஒரு வீட்டுக்கானது அன்று. மின்சாரமே தேவைப்படாத சிறிய பிரிப்பான் ஒன்று, ஒரே ஒளியை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பங்கிடுகிறது. இறங்கும் தரவு எல்லா வீட்டுக்கும் போகும்; தனக்குரியதை மட்டும் மோடம் பிரித்தெடுக்கும். ஏறும் வழியில்தான் சிக்கல். இருவர் ஒரே நேரத்தில் ஒளி வீசினால் இரண்டும் குழம்பிவிடும். ஆகவே ஒவ்வொரு மோடமும் லேசரை அணைத்துவைத்து, தன் முறை வந்ததும் மைக்ரோவிநாடிக் கணக்கில் மின்னி ஓய்கிறது. 32 வீடுகளும் ஒருசேரக் காணொளி ஏற்றினால் ஜிபானில் ஆளுக்கு 40 மெகாபிட்கூடத் தேறாது. எக்ஸ்ஜிஎஸ்-பானில் 250-க்கு மேல் கிடைக்கும்.

மாறுவதற்குத் தெருவைத் தோண்ட வேண்டியதில்லை. ஜிபான் 1490, 1310 நானோமீட்டர் அலைநீளங்களில் போகிறது. புதியது 1577, 1270-இல். ஒரே இழையில் இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் ஓடும். முனைக் கருவிகளை மாற்றினால் போதும். ஆனால் புதிய மோடம் கூடுதலாகச் சூடாகும், விலையும் அதிகம்.

படம் பார்ப்பதோடு நிற்கும் வீட்டுக்கு ஜிபானே தாராளம். அங்கே வேகத்தை விழுங்குவது பெரும்பாலும் சுவர்களுக்கு நடுவே திணறும் வைஃபைதான். நாள்தோறும் பெரிய கோப்புகளை மேலேற்றுபவர் தயங்காமல் எக்ஸ்ஜிஎஸ்-பானைக் கேட்கலாம்.