பெயர் 1050 டிஐ, உள்ளே 2011 சிப்: பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போகும் மாணவர்களுக்கு

சென்னை ரிச்சி தெருவில் பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்கக் கிளம்பும் மாணவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று சொல்லி எனக்கு விற்ற கார்டு போலி. பழுதான கார்டாக இருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். இது வேண்டுமென்றே வேறொரு பெயரை எழுதி விற்ற கார்டு. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. அதே தெருவில் நேர்மையான கடைகள் நிறைய உண்டு. என் எஸ்எம்பிஎஸ், ராம், எட்டு போர்ட் ஸ்விட்ச் எல்லாமே அங்கே வாங்கியவைதான், எதிலும் குறையில்லை.

நான் படிப்பது மெக்கானிக்கல். கம்ப்யூட்டர் என் ஆசை. பழைய டெஸ்க்டாப்புகளைப் பிரித்துக் கோர்ப்பது, லினக்ஸ் போட்டு விடுதி அறைக்குள்ளேயே ஒரு ஃபைல் சர்வர் ஓட்டுவது, கேபிள் கிரிம்ப் செய்வது என்று மூன்று வருடமாக இதிலேதான் கிடக்கிறேன். அடுத்து குடா புரோகிராமிங், அதாவது கிராபிக்ஸ் கார்டையே கணக்குப் போட வைக்கும் என்விடியாவின் முறை, கற்க வேண்டும் என்றிருந்தது. அதற்கு என்விடியா கார்டு தேவை. பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்த 5,500 ரூபாய்தான் கையில்.

கடையில் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். அவர்களுடைய சிஸ்டத்தில் கார்டைப் போட்டு டிவைஸ் மேனேஜரைத் திறந்து காட்டினார்கள். 1050 டிஐ, 4 ஜிபி என்று தெளிவாக வந்தது. யூடியூப் வீடியோ ஓடியது. "பவர் கனெக்டர் ஏண்ணா இருக்கு? 1050 டிஐக்குத் தேவையில்லையே?" என்றேன். "ஓவர்கிளாக் மாடல் தம்பி, அதுல வரும்" என்றார். உண்மையிலேயே சில மாடல்களில் ஆறு பின் கனெக்டர் உண்டு, அதனால் அந்தப் பதில் பொருந்தியது. பின்பக்கம் விஜிஏ போர்ட் இருந்தது. "பழைய மானிட்டருக்கும் நேரா மாட்டிக்கலாம்" என்று அதையும் ஒரு வசதியாகச் சொன்னார். பில்லில் மாடலையும் 4 ஜிபி என்பதையும் எழுதச் சொல்லி வாங்கினேன். டெஸ்டிங் வாரண்டி ஒரு வாரம். கிளம்பும்போது ஒரு டிரைவர் சிடியைக் கொடுத்து, "இதையே போடுங்க தம்பி, நெட்ல இருந்து அப்டேட் மட்டும் போட்டுடாதீங்க" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வையுங்கள்.

சிடியில் இருந்த டிரைவரைப் போட்டதும் திரை வந்தது, பெயரும் வந்தது. முப்பரிமாணப் படம் செய்யும் பிளெண்டர் மென்பொருளைத் திறந்தால் பொருத்தமான ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) எதுவும் இல்லை என்றது. நான் எழுதிய மேட்ரிக்ஸ் பெருக்கல் புரோகிராம் சிறிய அளவில்கூட ஓடவில்லை. என் கோடில்தான் பிழை என்று எண்ணி அதைத் திரும்பத் திரும்ப மாற்றி எழுதினேன். இந்த மோசடியில் எனக்கு அதிகம் வலித்தது இதுதான். புதிதாகக் கற்க வருகிறவன் முதலில் தன்னைத்தான் சந்தேகிப்பான். கார்டு பொய் சொல்லும் என்று அவனுக்கு எப்படித் தோன்றும்? எத்தனை பேர் "நமக்கு இது வராது" என்று இந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போயிருப்பார்களோ.

என்விடியா தளத்தில் இருந்து அசல் டிரைவரை இறக்கிப் போட்டதும் நீலத் திரை. பிறகு கார்டின் விவரத்தைக் கேட்கும் ஒரு சின்ன குடா புரோகிராமை ஓட்டிப் பார்த்தேன். பெயர் 1050 டிஐதான். ஆனால் கம்ப்யூட் கேப்பபிலிட்டி என்கிற தலைமுறை எண் 2.1 என்று வந்தது. 1050 டிஐ என்றால் 6.1 வர வேண்டும். கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்தேன். கார்டின் பெயருக்கு முன்னாலேயே 'ஃபேக்' என்று போட்டிருந்தது. இப்படிப்பட்ட போலி கார்டுகளைக் கண்டுபிடிக்கும் வசதி 2018 முதலே அதில் இருக்கிறது. உள்ளே இருந்தது ஜிஎஃப்116 சிப், அதாவது 2011-இல் வந்த ஜிடிஎக்ஸ் 550 டிஐ. அதில் 192 கோர்கள், அசல் 1050 டிஐயில் 768. நினைவகம் உண்மையில் 1 ஜிபிதான். அதைத் தாண்டி எதையாவது ஏற்றினால் கார்டு அப்படியே உறைகிறது. மின்சாரமும் அதிகம் இழுக்கும்: அசல் 1050 டிஐக்கு 75 வாட் போதும், 550 டிஐக்கு 116 வாட். கனெக்டருக்கு உண்மையான காரணம் அதுதான்.

இதை எப்படிச் செய்கிறார்கள்? ஒவ்வொரு கிராபிக்ஸ் கார்டிலும் பயாஸ் என்கிற அதன் அடிப்படை மென்பொருள் இருக்கும் சிறிய ஃபிளாஷ் சிப் ஒன்று உண்டு. அதை அழித்து வேறு பெயரையும் வேறு நினைவக அளவையும் எழுதுகிறார்கள். அந்தப் பெயரை ஏற்றுக்கொள்ளும்படி பழைய டிரைவரையும் திருத்துகிறார்கள். விண்டோஸ் காட்டுவது இந்த இரண்டும் சேர்ந்து சொல்லும் பெயரை. ஆகவே டிவைஸ் மேனேஜரைத் திறந்து காட்டுவது சோதனையே ஆகாது. 550 டிஐ ஃபெர்மி என்ற தலைமுறையைச் சேர்ந்தது. அந்தச் சிப்புகளுக்கு 2018-க்குப் பின் என்விடியா விண்டோஸில் புதிய டிரைவர் தருவதில்லை. எனவே புது டிரைவர் போட்டால் குட்டு உடைந்துவிடும், அதனால்தான் "அப்டேட் போடாதீங்க". "எங்களுக்கே இப்படித்தான் சரக்கு வந்துச்சு" என்று கடைக்காரர் பிறகு சொன்னதை நான் நம்பாததற்கும் காரணம் இதுவே. சரக்கைப் பற்றி ஒன்றும் தெரியாதவருக்கு, அப்டேட் போட்டால் என்ன ஆகும் என்று மட்டும் எப்படித் தெரிந்தது?

போகிறவர்கள் ஒரு பென் டிரைவில் ஜிபியு-இசட்டையும், இன்னொன்றில் நேரடியாக பூட் ஆகும் லினக்ஸையும் எடுத்துப் போங்கள். ஜிபியு-இசட்டை இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை, நேராக ஓடும். லினக்ஸோடு வரும் நூவோ என்ற டிரைவர் சிப்பிடமே அதன் அடையாளத்தைக் கேட்டு கர்னல் பதிவில் (லினக்ஸ் தன் வேலைகளைக் குறித்து வைக்கும் பதிவு) எழுதிவிடும். அங்கே ஜிஎஃப் என்று தொடங்கும் பெயரைப் பார்த்தால் கார்டைக் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். 1050 டிஐ ஜிபி107 சிப்பில் வருவது. கம்ப்யூட்டர் இல்லாமலேயே பார்க்கக்கூடிய அடையாளம் விஜிஏ போர்ட். 1050 டிஐ சேர்ந்த, 2016-இல் வந்த பாஸ்கல் தலைமுறையில் விஜிஏவுக்கு வேண்டிய அனலாக் வெளியீடே கிடையாது. விஜிஏ போர்ட் உள்ள 1050 டிஐயைக் கண்டால் மேற்கொண்டு எதையும் பார்க்க வேண்டாம். சோதிக்க விடமாட்டோம் என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள். மலிவு விலைக்கு வரும் 2 டிபி பென் டிரைவுகளிலும் இதே வித்தைதான்: கன்ட்ரோலரில் பொய்யான அளவை எழுதிவிடுவார்கள், முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்கள், ஹீட் சிங்க்கைக் கழற்றிச் சிப்பைப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். திருகின் மேல் கடையின் சீல் இருக்கும், அது கிழிந்தால் அதையே சாக்காகச் சொல்வார்கள். பழைய பயாஸைத் திரும்ப எழுதவும் வேண்டாம். அந்தப் பொய்ப் பெயர்தான் உங்கள் சாட்சி. ஜிபியு-இசட் மூலம் பயாஸை அப்படியே ஒரு ஃபைலாகச் சேமித்து, திரையைப் படமெடுத்து, பில்லோடு வையுங்கள்.

என் பில்லின் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று அச்சிட்டிருந்தது. இதைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும், பில் தராமல் விடுவதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்தேன். அதிலும் கடைக்காரர் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கடை எங்கே இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணமில்லை.

உதவி எண்ணில் புகார் போன பிறகு கடையில் இருந்து போன் வந்தது. "கார்டைக் கொண்டாந்து குடுங்க தம்பி, மூவாயிரம் தர்றேன், புகாரை எடுத்துடுங்க." முழுப் பணத்தையும், கார்டைத் திரும்ப வாங்கிக்கொண்டதற்கு எழுத்து மூலமான ரசீதையும் கேட்டேன். ரசீது தரமாட்டாராம். அந்தக் கார்டு திரும்பிப் போனால் அதே அலமாரியில் அதே பெயரோடு இன்னொரு மாணவனுக்காகக் காத்திருக்கும். ஆணையத்துக்கான மனுவை எழுதிக்கொண்டிருக்கிறேன். கார்டை அங்கேதான் ஒப்படைப்பேன்.