சிம் லாக்கா, பூட்லோடரா: எஸ்.பி. ரோட்டில் 'அன்லாக்' கேட்பதற்கு முன்

பெங்களூருவின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான எஸ்.பி. ரோட்டில் 'அன்லாக்' என்ற ஒரே சொல் இரண்டு வேலைகளுக்கு ஓடுகிறது.

சிம் லாக், அதாவது ஒரே நிறுவனத்தின் சிம் மட்டும் வேலை செய்யும்படி போட்ட பூட்டு, வெளிநாட்டு போன்களின் தொல்லை. பூட்டிய நிறுவனமே திறந்து தந்தால் டேட்டா அழியாது, பாதுகாப்பும் குறையாது. கடைக்காரர் ஐ.எம்.இ.ஐ. எண்ணை (போனின் தனி அடையாள எண்) மாற்றித் தருகிறேன் என்றால் போனை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42ஆம் பிரிவில் அதற்கு 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். பழைய போன் வாங்கும்போதும் *#06# அழுத்தி வரும் எண்ணைப் பெட்டியோடு ஒப்பிட்டு, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபாருங்கள்.

போன் ஆன் ஆகும்போது சிஸ்டத்தை ஏற்றும் பூட்லோடர் விஷயம் வேறு. சொந்த போனில் திறப்பதற்கென்று தனித் தடைச் சட்டம் இங்கே இல்லை, ஆபத்தெல்லாம் போனுக்குள்தான். பல ஆண்ட்ராய்டு போன்களில் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் 'ஓ.இ.எம். அன்லாக்கிங்' போட்டு, கணினியிலிருந்து 'ஃபாஸ்ட்பூட் ஃப்ளாஷிங் அன்லாக்' கட்டளை கொடுத்ததும் போன் முழுவதும் துடைக்கப்படும். அதன்பின் சிஸ்டத்தை யாராவது மாற்றியிருந்தாலும் பூட் ஆவதை போன் தடுக்காது. திருடன் கையில் கிடைத்தால் வினை. பல வங்கிச் செயலிகள் திறக்க மறுக்கும். சாம்சங்கில் பூட்லோடர் திறந்ததைக் குறித்துவைக்கும் நாக்ஸ் ஃப்யூஸ் எரிந்தால் திரும்பவே திரும்பாது. கஸ்டம் ராம் (கம்பெனி தராத, வெளியார் உருவாக்கிய சிஸ்டம்) இருக்கும்போதே மறுபடி பூட்டினால் பல போன்கள் இயங்காமல் செங்கல்தான். முதலில் கம்பெனி ராமை முழுதாக ஏற்றுங்கள்.

யு.பி.ஐ. ஓடும் போனில் பூட்லோடரைத் தொடாதீர்கள்.