சின்ன ஆபீஸ் கணினிகளுக்கு அசல் விண்டோஸ்: எந்த மெஷினுக்கு எந்த உரிமம்?

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமாகக் கொடுத்துவந்த பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. அதிலிருந்து சென்னையில் சின்னக் கம்பெனி நடத்தும் பலரும் கேட்பது ஒன்றுதான்: எப்படியும் ஃபார்மேட் பண்ணித்தான் ஆக வேண்டும், இந்தத் தடவை அசல் விண்டோஸே போட்டுவிடலாம், எது மலிவு?

மெஷினைப் பொறுத்து விடை மாறும். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி உரிமம் வாங்குவதுதான் இருப்பதிலேயே பெரிய வீண்செலவு. அம்பத்தூர் எஸ்டேட்டில் எட்டு கணினி உள்ள ஒரு ஆபீஸை எடுத்துக்கொள்வோம். மூன்று பிராண்டட் டெஸ்க்டாப், இரண்டு லேப்டாப், ரிச்சி ஸ்ட்ரீட்டில் அசெம்பிள் செய்து வாங்கிய மூன்று. இந்த எட்டுக்கும் என்னென்ன வழி இருக்கிறது என்று பார்க்கலாம்.

ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியது

விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸோடு விற்கப்படும் பிராண்டட் கணினிகளில் உரிமத்தின் கீ (ஆக்டிவேட் செய்யும் குறியீட்டு எண்) மதர்போர்டில் உள்ள பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளுக்குள்ளேயே பதிந்து வருகிறது. விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும் பென் டிரைவைத் தயாரிக்கும் மீடியா கிரியேஷன் டூல் மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசம். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் அதை ஏற்றி இன்ஸ்டால் செய்தால், பயாஸில் இருக்கும் கீயைத் தானே படித்து, ஹோம், ப்ரோ என்ற இரண்டு பதிப்புகளில் எது என்று கேட்காமலே சரியானதைப் போட்டுக்கொள்ளும். இணையத்தில் சேர்ந்ததும் ஆக்டிவேட் ஆகிவிடும். செலவு பூஜ்யம்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. உரிமத்தோடு வாங்கிய பிராண்டட் மெஷினின் மேலேயே திருட்டு ப்ரோ உட்கார்ந்திருப்பதை அடிக்கடி பார்க்க முடிகிறது. ஒரு தடவை வைரஸ் வந்திருக்கும், சர்வீஸுக்கு வந்தவர் தன் பென் டிரைவில் இருந்ததை ஏற்றிவிட்டுப் போயிருப்பார். காசு கொடுத்த உரிமம் பயாஸுக்குள் தூங்கிக்கொண்டிருக்க, ஆபீஸ் திருட்டு நகலில் ஓடுகிறது. அதனால் எதையும் வாங்குவதற்கு முன்னால் எட்டு மெஷினையும் சோதித்துப் பாருங்கள். கமாண்ட் பிராம்ப்டில் எஸ்எல்எம்ஜிஆர், ஒரு இடைவெளி, சாய்கோடு, டிஎல்ஐ என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் ஓஇஎம் (கணினியோடு வந்தது), ரீடெய்ல் (தனியாக வாங்கியது), வால்யூம் (நிறுவனங்களுக்கு மொத்தமாகத் தருவது) இவற்றில் ஒன்று இருக்கும். வால்யூம் என்று போட்டு பக்கத்தில் கேஎம்எஸ் கிளையன்ட் என்று இருந்தால், அநேகமாக அது திருட்டு நகலை அசல்போலக் காட்டும் ஆக்டிவேட்டர் மென்பொருளின் வேலை. கேஎம்எஸ் என்பது பெரிய நிறுவனங்கள் தங்கள் சர்வர் ஒன்றின் வழியாக விண்டோஸை ஆக்டிவேட் செய்துகொள்ளும் ஏற்பாடு. குறைந்தது 25 கணினி இருந்தால்தான் அந்த சர்வர் விண்டோஸை ஆக்டிவேட் செய்யவே தொடங்கும். எட்டு கணினி ஆபீஸில் அதற்கு வேலையே இல்லை.

கேபினெட்டின் பக்கவாட்டில் விண்டோஸ் 7 ஸ்டிக்கர் ஒட்டிய, அல்லது விண்டோஸ் 8-ஓடு வந்த பழைய டெஸ்க்டாப் இருந்தால் அந்தக் கீயை நம்பாதீர்கள். பழைய 7, 8 கீகளை வைத்து 10-ஐயும் 11-ஐயும் ஆக்டிவேட் செய்யும் வழியை மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் மூடிவிட்டது. அதற்கு முன்பே அதே மெஷினில் முறையாக 10 ஏறியிருந்தால் மட்டும் அந்த உரிமம் தொடரும்.

ஓஇஎம்மா, ரீடெய்லா?

அசெம்பிள் செய்த மூன்றுக்கும் பெரும்பாலும் உரிமமே இருக்காது. பில்லில் பிராசஸர், ரேம், எஸ்எஸ்டி எல்லாம் வரிசையாக இருக்கும், விண்டோஸ் இருக்காது. அங்கேதான் இந்தக் கேள்வி வருகிறது.

இரண்டிலும் உள்ளே இருக்கும் மென்பொருள் ஒன்றே. ஓஇஎம் உரிமம் மலிவு, ஆனால் அது புதுக் கணினியோடு சேர்த்து விற்க வேண்டியது. அந்த மதர்போர்டோடு கட்டிப்போடப்பட்டது, மெஷின் செத்தால் அதுவும் செத்தது. ரீடெய்ல் விலை கூட, ஆனால் ஒரு மெஷினிலிருந்து எடுத்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

மற்ற ஊரில் இந்த வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் விடலாம். சென்னையில் விட முடியாது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அம்பத்தூர், கிண்டி எஸ்டேட்டுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. தரைத்தளத்தில், மேசைக்குக் கீழே கேபினெட் வைத்திருந்தவர்களுக்கு மதர்போர்டு போனால் ஓஇஎம் உரிமமும் அதோடு போய்விடும். பழுதான போர்டுக்குப் பதில் தயாரிப்பாளரே மாற்றுப் போர்டு போட்டுத் தந்தால் உரிமம் தொடரும். ஆனால் வெள்ளத்தில் நனைந்தது பொதுவாக வாரண்டியில் வராது. ரீடெய்ல் வாங்கியவர் புது போர்டு போட்டு, ஆபீஸின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து உரிமத்தை மாற்றிக்கொள்ளலாம். தரைத்தளத்தில் இருக்கும் அசெம்பிள் மெஷின்களுக்கு ரீடெய்லின் கூடுதல் விலை நியாயமானது என்றுதான் நான் சொல்வேன். பிராண்டட் மெஷினுக்கு அது தேவையே இல்லை.

மூன்றாவதாக ஒன்று உண்டு, நம் ஊர்க் கடைகளில் அதிகம் பேசப்படாதது. வால்யூம் உரிமம் வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். வழக்கமான விண்டோஸ் வால்யூம் உரிமம் அப்கிரேட் மட்டுமே. அடியில் தகுதியான அசல் விண்டோஸ் ஒன்று இருந்தால்தான் செல்லும். உரிமமே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளை முறைப்படுத்தவே மைக்ரோசாஃப்ட் 'கெட் ஜெனுவின்' என்ற உரிமம் வைத்திருக்கிறது. மைக்ரோசாஃப்டின் பார்ட்னர் மூலம் கம்பெனி பெயரில் வாங்கலாம். அசெம்பிள் மெஷின் மூன்று என்றால் ரீடெய்லே போதும். பத்துப் பதினைந்து என்றால் இதற்கு ஒரு கொட்டேஷன் வாங்காமல் முடிவெடுக்காதீர்கள்.

அறுநூறு ரூபாய் கீ

இணையக் கடைகளில் சில நூறு ரூபாய்க்கு ப்ரோ கீ கிடைக்கிறது. போட்டால் ஆக்டிவேட்டும் ஆகிறது. "அசல்னு காட்டுதே சார், அப்புறம் என்ன?" என்று கேட்பார்கள். கீ ஆக்டிவேட் ஆவது சர்வர் அதை ஏற்றுக்கொண்டதைத்தான் காட்டும். அந்தக் கீ ஏதோ ஒரு நிறுவனத்தின் வால்யூம் ஒப்பந்தத்திலிருந்து கசிந்ததாக இருக்கலாம், குப்பைக்குப் போன கணினியிலிருந்து எடுத்ததாக இருக்கலாம். மைக்ரோசாஃப்ட் அதை முடக்கும் நாளில் எட்டுத் திரையிலும் ஒரே எச்சரிக்கை வரும். விற்றவர் அப்போது கடையை மூடியிருப்பார்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 63பி: திருட்டு நகல் என்று தெரிந்தே கணினியில் மென்பொருளைப் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை, அபராதம் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை. தொழில் லாபத்துக்காக இல்லாவிட்டால் நீதிமன்றம் சிறையைத் தவிர்க்க இடமிருக்கிறது. ஆபீஸ் கணினிக்கு அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது.

அசல் உரிமத்தின் விலையைப் பார்த்து மலைப்பவர்கள் இன்னொரு கணக்கையும் போட வேண்டும். கம்பெனியின் ஜிஎஸ்டி எண் போட்ட பில்லோடு வாங்கினால், வழக்கமான முறையில் பதிவு செய்தவர்கள் 18 சதவீத வரியை உள்ளீட்டு வரியாக எடுத்து, தாங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். வருமான வரியில் கணினிக்கும் மென்பொருளுக்கும் தேய்மானம் 40 சதவீதம். அறுநூறு ரூபாய் கீக்கு இப்படிப்பட்ட பில் கிடைப்பது அபூர்வம்.

ஹோம், ப்ரோ பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. வெளியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைய வேண்டிய கணினிக்கும், டொமைனில் (எல்லாக் கணினியையும் ஒரு சர்வரிலிருந்து நிர்வகிக்கும் ஏற்பாடு) சேர வேண்டிய கணினிக்கும் ப்ரோ வேண்டும். பில் போடும் மேசைக்கு ஹோம் போதும்.

லினக்ஸுக்கு எங்கே இடம்?

விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2007 வாக்கில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் தன் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றிக்கொண்டு, அரசு அலுவலகங்களுக்கும் அதைக் கொண்டுபோனது. பாஸ் லினக்ஸ், மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையத்தில் உருவானது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு 24.04-க்கு 2029 வரை இலவச அப்டேட் வரும், அதன் மேல் கட்டிய லினக்ஸ் மின்ட் 22-க்கும் அப்படியே. உரிமச் செலவு கிடையாது, தமிழ்99 விசைப்பலகை உண்டு, பிரவுசரும் லிப்ரே ஆபீஸும் போதும் என்கிற மேசைக்கு அருமையாகப் பொருந்தும்.

அதை முழு ஆபீஸுக்கும் போட முடியாமல் தடுப்பது மூன்று. முதலாவது, கணக்கு மென்பொருளான டேலி. டேலி பிரைம் விண்டோஸுக்காக எழுதப்பட்டது; விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன் மூலம் ஓட்டிக் காட்டுபவர்கள் உண்டு, ஆனால் கம்பெனிக் கணக்கை அப்படி வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். இரண்டாவது, டிஜிட்டல் கையொப்பம் உள்ள யூஎஸ்பி டோக்கன். தனிநபர் தொழில் என்றால் ஓடிபி வைத்து ஜிஎஸ்டி தாக்கல் முடிந்துவிடும். கம்பெனிக்கும் எல்எல்பிக்கும் டோக்கன் கட்டாயம், அதன் டிரைவர் விண்டோஸில்தான் தொல்லையில்லாமல் ஓடும். மூன்றாவது பிரிண்டர். சென்னையில் பல ஆபீஸ்களில் இருக்கும் கேனான் எல்பிபி 2900 தனக்கென்று ஒரு மொழி வைத்திருக்கிறது, லினக்ஸில் அதை வேலை செய்யவைப்பது பெரிய போராட்டம்.

திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை பக்கம் அச்சகமும் டிடிபியும் நடத்துகிறவர்களுக்கு லினக்ஸைப் பரிந்துரைக்கவே மாட்டேன். பேஜ்மேக்கர், கோரல் டிரா, யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள் எல்லாமே விண்டோஸை நம்பியவை. அவர்கள் ஃபார்மேட் அடிப்பதற்கு முன்னால் ஃபான்ட்ஸ் ஃபோல்டரைத் தனியாக நகல் எடுத்து வைக்க வேண்டும். பல வருஷக் கல்யாணப் பத்திரிகை ஃபைல்கள் திறப்பது அந்த எழுத்துருக்களை நம்பித்தான்.

11 ஏறாத மெஷின்

விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் வசதி), இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர் வேண்டும். இந்தத் தடைகளைத் தாண்டி ஏற்றும் தந்திரங்கள் யூடியூபில் நிறைய. அப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. ஆபீஸில் வேண்டாம்.

விண்டோஸ் 10-க்குத் தொடர்ந்து பாதுகாப்பு அப்டேட் தரும், நிறுவனங்களுக்கான நீட்டித்த ஆதரவு முதல் வருஷம் ஒரு கணினிக்கு 61 டாலர், பிறகு ஒவ்வொரு வருஷமும் இரட்டிப்பு. மூன்று வருஷத்துக்கு 427 டாலர். அந்தப் பணத்துக்குக் கிட்டத்தட்ட உரிமத்தோடு வரும் புது டெஸ்க்டாப்பே வாங்கிவிடலாம். அதனால் பழைய மெஷின் பிரவுசர் வேலைக்கு என்றால் மின்ட், டேலி வேலைக்கு என்றால் புதுக் கணினி. ஏதோ ஒரு விசேஷ இயந்திரத்தின் மென்பொருள் 10-இல் மட்டுமே ஓடுகிறது என்றால் மட்டும் நீட்டித்த ஆதரவு.

நம் அம்பத்தூர் ஆபீஸுக்கு வருவோம். பிராண்டட் டெஸ்க்டாப் மூன்றுக்கும் லேப்டாப் இரண்டுக்கும் பயாஸில் உள்ள உரிமமே, செலவில்லாமல். டேலி ஓடும் அசெம்பிள் மெஷினில் வெளியிலிருந்தும் நுழைய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம், அதற்கு ரீடெய்ல் ப்ரோ. இன்னொரு அசெம்பிள் மெஷினில் டோக்கனும் லேசர் பிரிண்டரும் இருப்பதால் அதற்கு ரீடெய்ல் ஹோம். கடைசியாக மிஞ்சும் ஆறாம் தலைமுறை மெஷினுக்கு மின்ட். வாங்க வேண்டியது எட்டுக்கு இரண்டே உரிமம்.

இன்ஸ்டால் செய்யும்போது மைக்ரோசாஃப்ட் கணக்கை ஆபீஸின் பெயரில் தொடங்குங்கள். சர்வீஸுக்கு வந்தவரின் ஜிமெயிலோ, அடுத்த மாதம் வேலையை விடப்போகும் அக்கவுன்டன்டின் ஜிமெயிலோ வேண்டாம். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து புதிதாக இன்ஸ்டால் செய்து மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழையும் பெரும்பாலான கணினிகளில் டிஸ்க் தானாகவே என்க்ரிப்ட் ஆகி (கீ இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டு) விடுகிறது, ஹோமிலும்கூட. அதைத் திறக்கும் மீட்புக் கீ போய் உட்காருவது அந்தக் கணக்கில்தான். அதை அச்சடித்து பில்லோடு சேர்த்து ஃபைலில் வையுங்கள்.

டேலி மெஷினில் கை வைப்பதற்கு முன் டேட்டா ஃபோல்டரை வெளி டிஸ்க்கில் எடுத்து, இன்னொரு கணினியில் திறந்து பார்த்துவிட்டு, டேலி உரிமத்தைச் சரண்டர் செய்யுங்கள், அதாவது அந்த மெஷினிலிருந்து விடுவியுங்கள். மாதாமாதம் தாக்கல் செய்கிறவர்களுக்கு 7-ஆம் தேதி டிடிஎஸ், 11-ஆம் தேதி விற்பனை விவரத்துக்கான ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி வரி கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி; அதுவரை டேலி நிற்கக் கூடாது. மற்ற மெஷின்களை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். டேலி மெஷினை 21-ஆம் தேதிக்குப் பிறகு வரும் சனிக்கிழமை மாலை தொடங்கினால், ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பிரிண்டரையும் டோக்கனையும் சோதித்துப் பார்க்க நேரம் இருக்கும்.