வரித் தயாரிப்பாளராகப் பதிவு செய்து தருவதாகச் சொல்லும் முகவர்களிடம் ஏமாற வேண்டாம்

அமெரிக்காவில் வருமான வரிப் படிவங்களைக் கட்டணத்துக்குத் தயாரித்துக் கொடுக்கும் தொழிலில் புதிதாக இறங்க இருப்பவர்கள், பதிவு வேலை முழுவதையும் தாங்களே முடித்துத் தருவதாக விளம்பரம் செய்யும் முகவர்களிடம் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். டாலஸ் பகுதியில் உள்ள அப்படியொரு நிறுவனத்திடம் 2024 நவம்பரில் 450 டாலர் கட்டினேன். ஜனவரியில் வேலையைத் தொடங்கிவிடலாம் என்று உறுதியளித்தார்கள். ஏப்ரல் 15 தாண்டி வரி தாக்கல் சீசனே முடிந்துவிட்டது. என்னிடம் வருவதாகச் சொல்லியிருந்தவர்கள் எல்லோரும் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

கூலி வாங்கிக்கொண்டு ஃபெடரல் வரிப் படிவம் தயாரிக்கும் எவருக்கும் அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். வழங்கும் பிடின் (PTIN) என்ற தயாரிப்பாளர் அடையாள எண் கட்டாயம். சோஷியல் செக்யூரிட்டி எண் உள்ளவர்கள் ஐ.ஆர்.எஸ். தளத்தில் நேரடியாக விண்ணப்பித்தால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடக்கூடிய வேலை இது; அப்போதைய கட்டணம் 19.75 டாலர்தான். அந்த நிறுவனமோ இதை என்னிடம் சொல்லாமல், டபிள்யூ-12 என்ற காகிதப் படிவத்தில் கையெழுத்து வாங்கித் தபாலில் அனுப்பியது. தபால் வழி என்றால் ஆறு வாரம் ஆகும். அதைவிடக் கொடுமை, நான் கையெழுத்திட்டபோது காலியாக இருந்த ஆண்டுக் கட்டத்தில் 2025 என்று குறிக்காமல் 2024 என்று குறித்திருந்தார்கள். பிடின் எண் ஒவ்வொரு டிசம்பர் 31 அன்றும் காலாவதியாகிவிடும் என்பதால், எனக்கு எண் கைக்கு வந்தபோதே அது செல்லாததாக இருந்தது. புதுப்பிக்க மறுபடியும் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது, அதையும் என்னிடமே கேட்டார்கள்.

உண்மையான சேதம் ஈஃபின் (EFIN) விஷயத்தில்தான் நடந்தது. மின்னணு முறையில் படிவங்களைத் தாக்கல் செய்வதற்கான அடையாள எண் அது. ஒரு சீசனில் 11 அல்லது அதற்கு மேற்பட்ட தனிநபர் படிவங்களைச் செய்ய எதிர்பார்க்கும் தயாரிப்பாளர் மின்னணு முறையில்தான் தாக்கல் செய்தாக வேண்டும் என்பதால், ஈஃபின் இல்லாமல் இந்தத் தொழிலில் கால் ஊன்றவே முடியாது. இதற்கு ஐ.ஆர்.எஸ். கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. ஆனால் விண்ணப்பம் சமர்ப்பித்த பிறகு கைரேகை, குற்றப் பின்னணி, சொந்த வரிக் கணக்கு ஆகியவற்றைச் சரிபார்க்க 45 நாள் வரை ஆகலாம், சி.பி.ஏ. (உரிமம் பெற்ற கணக்காளர்), என்ரோல்டு ஏஜென்ட் (ஐ.ஆர்.எஸ். அங்கீகாரம் பெற்ற வரி நிபுணர்) போன்றவர்களுக்குக் கைரேகை தேவையில்லை. அந்த நிறுவனத்தில் எப்போது விசாரித்தாலும் "ஐ.ஆர்.எஸ். பக்கம்தான் தாமதம் மேடம், நாங்கள் தினமும் ஃபாலோ பண்ணுகிறோம்" என்ற ஒரே பதில்தான் கிடைத்தது. மார்ச் மாதம் ஈஃபினுக்கு விண்ணப்பிக்கும் ஐ.ஆர்.எஸ். இணைய சேவையான ஈ-சர்வீசஸில் உள்ள என்னுடைய கணக்கில் நானே நுழைந்து பார்த்தபோது, அவர்களுடைய ஊழியர் திரையைப் பகிர்ந்து பாதி நிரப்பிச் சேமித்த விண்ணப்பம் சமர்ப்பிக்கப்படாமல் அப்படியே கிடந்தது. கைரேகை கொடுக்கும் கட்டமே எனக்கு ஏன் வரவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது.

இதைக் கேட்டதும் அவர்கள் முன்வைத்த மாற்று யோசனை என்னை இன்னும் பதற வைத்தது. தங்கள் ஈஃபினிலேயே என் வாடிக்கையாளர்களின் படிவங்களைத் தாக்கல் செய்துகொள்ளலாம், கட்டணத்தில் பாதியைத் தந்தால் போதும் என்றார்கள். ஈஃபினை விற்கவோ வாடகைக்கு விடவோ மாற்றித் தரவோ கூடாது என்பது ஐ.ஆர்.எஸ். விதி. தாமதத்தை வேண்டுமென்றே உண்டாக்கிவிட்டு, சீசன் நெருக்கடியில் புதியவர்களைத் தங்கள் எண்ணுக்குக் கீழ் கொண்டுவருவதுதான் இவர்களுடைய நோக்கம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

ஆகவே இரண்டு விண்ணப்பங்களையும் உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து நீங்களே செய்யுங்கள். ஐ.ஆர்.எஸ். கணக்கில் நுழையப் பயன்படும் ஐடி.மீ (ID.me) கடவுச்சொல்லை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அக்டோபர் நடுவில் அடுத்த ஆண்டுக்கான பிடின் பதிவு திறந்தவுடன் தொடங்கினால், ஈஃபினுக்கும் போதிய அவகாசம் இருக்கும். கலிபோர்னியாவில் இருப்பவர்களுக்கு இவற்றோடு 60 மணி நேரப் பயிற்சியும் 5,000 டாலர் பிணைப் பத்திரமும் தேவை என்பதால் இன்னும் முன்னதாகவே இறங்க வேண்டும்.

பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டதால், கிரெடிட் கார்டு வங்கியில் ஆட்சேபம் பதிவு செய்திருக்கிறேன். டெக்சாஸ் அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவிலும் புகார் கொடுத்திருக்கிறேன். இதே போன்ற முகவர்களிடம் ஏற்கெனவே பணம் கட்டிக் காத்திருப்பவர்கள், அவர்கள் சொல்வதை நம்பிக்கொண்டிருக்காமல் இன்றே ஈ-சர்வீசஸில் விண்ணப்பத்தின் நிலையைப் பார்த்துவிடுங்கள். ரசீதையும் மின்னஞ்சல்களையும் அழிக்காமல் வைத்திருங்கள்.