பழைய தோக்கைப் பாலிஷ் போடக் கொடுத்துவிடாதீர்கள்

வீட்டில் பழைய இரட்டைக்குழல் தோக்கு, அதாவது துப்பாக்கி, வைத்திருப்பவர்கள், முக்கியமாகக் குலசேகரம், பேச்சிப்பாறை, கீரிப்பாறை பக்கம் தோட்டம் உள்ளவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எனக்கு நடந்தது இன்னொருத்தருக்கு நடக்கக் கூடாது.

பாட்டா திருவிதாங்கூர் காலத்தில் லைசன்ஸ் எடுத்து வைத்திருந்த பன்னிரண்டு போர் (குழல் வாயின் அளவு) தோக்கு அது. மரச்சீனி விளையில் பன்றி இறங்கிய காலத்தில் வாங்கியது. அவருக்குப் பிறகு அப்பா, அப்பாவுக்குப் பிறகு நாகர்கோவில் கலெக்டர் ஆபீசுக்கு நடந்து நடந்து என் பேருக்கு மாற்றினேன். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பதும் முடிந்ததும் திரும்ப வாங்குவதுமாக இருந்தது. சொத்து பிரிக்கும்போது தம்பி இதற்கும் ஒரு விலை போட வேண்டும் என்றான். நியாயம்தானே. லைசன்ஸ் உள்ள ஒரு வெளியூர்க் கடைக்குக் கொண்டுபோனேன்.

அவர் கையில் வாங்கி இரண்டு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. "மேல கம்பெனிப் பேரே இல்லியே அண்ணே, இது பெல்ஜியம் மலிவு சரக்கு, இருபதாயிரம் தேறினா பெரிசு. குழலைப் பாலிஷ் போட்டு நீலம் ஏத்தித் தாறேன், அறுபதுக்குக் குறையாது" என்றார். நீலம் ஏற்றுவது என்றால் குழலுக்குக் கருநீல நிறம் கொடுப்பது. கூலி 14,000 ரூபாய். குழலைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. அது எவ்வளவு பெரிய தப்பு என்று எனக்கு அப்போது தெரியாது. ரசீதிலும் 'டிபிபிஎல் 1, பழையது' என்பதோடு சரி, டிபிபிஎல் என்றால் பின்பக்கம் தோட்டா போடும் இரட்டைக்குழல் தோக்கு.

அந்தக் குழல் டமாஸ்கஸ் குழல். இரும்பையும் எஃகையும் பட்டை பட்டையாகச் சேர்த்து, கயிறு திரிப்பது போல முறுக்கி, கம்பியைச் சுற்றிச் சூடாக்கி அடித்து ஒட்டிச் செய்வது. அதனால்தான் குழல் முழுக்கப் பழுப்பும் வெள்ளையுமாகச் சுருள் சுருளாகக் கோலம் ஓடும். சின்ன வயதில் பாட்டா மடியில் வைத்துத் துடைக்கும்போது அந்தச் சுருள்களை விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன். திரும்பி வந்தபோது ஒரு சுருள்கூட இல்லை, புதுச் சைக்கிள் கம்பி மாதிரி ஒரே கறுப்பு. வீட்டில் எல்லாரும் பளபளப்பாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள், எனக்கு வயிற்றைக் கலக்கியது.

மூன்று வாரத்தில் இரண்டு குழலுக்கும் நடுவில் ஓடும் பட்டையின் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்து வந்தது, பட்டையும் தூக்க ஆரம்பித்தது. இந்தக் குழல்களை ஈயம் வைத்துத்தான் பற்றவைத்திருப்பார்கள். கொதிக்கிற காரக் கரைசலில் முக்கி நீலம் ஏற்றினால் அந்தப் பற்று அரித்துப்போகும். முன்பெல்லாம் குழலைத் தனியாகத் தொங்கவிட்டுச் சுண்டினால் மணி மாதிரி நீளமாக ஒலிக்கும். இப்போது உடைந்த சட்டியைத் தட்டுவது போலிருக்கிறது.

நல்லவேளை, லைசன்ஸ் மாற்றும்போது நம்பருக்காக மகள் குழலின் அடியைப் போட்டோ எடுத்து வைத்திருந்தாள். அதை வேறொரு பெரியவரிடம் காட்டினேன், பழைய வியாபாரி. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. கிரீடத்துக்குக் கீழே பெருக்கல் குறி போல இரண்டு செங்கோல், அது குழல் வெடிக்காமல் தாங்குமா என்று பார்க்கும் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் சோதனைச் சாலையில் 1904 வரை அடித்த முத்திரை. பக்கத்தில் வைர வடிவத்துக்குள் 12 என்ற எண்ணும் சி என்ற ஆங்கில எழுத்தும், அது 1887-க்குப் பிறகு வந்தது. ஆக இந்தத் தோக்கு அந்த இடைவெளியில் செய்தது. பெல்ஜியத்தின் லீஜ் நகரத்துத் தோக்கு என்றால் முட்டை வடிவத்துக்குள் ஈ.எல்.ஜி. என்ற எழுத்து இருந்திருக்க வேண்டும், இதில் கிடையாது. பேர் இல்லாததும் குறை இல்லையாம், பர்மிங்ஹாம் பட்டறைக்காரர்கள் பேர் வெட்டாமலே நிறையச் செய்து விற்றிருக்கிறார்கள். "அந்தக் கோலத்தோட இருந்திருந்தா ஒண்ணரை லட்சத்துக்கு நானே கேட்டிருப்பேன்" என்றார்.

இப்போது அந்த முத்திரைகளும் குழலில் இருந்த நம்பரும் தேய்ந்து மழுங்கிக் கிடக்கின்றன. நம்பரை அழிப்பது 1959-ம் வருட ஆயுதச் சட்டப்படி குற்றம். விசை வளையத்தில் அதே நம்பர் இன்னொரு இடத்தில் இருப்பதால் லைசன்சோடு ஒத்துப்போகிறது, இல்லையென்றால் பதில் சொல்ல வேண்டியவன் நான்.

அந்தக் கடைக்காரர் சொன்ன இன்னும் இரண்டு விஷயத்தையும் நம்பிவிடாதீர்கள். நூறு வருஷம் தாண்டினால் லைசன்ஸ் வேண்டாம் என்றார். வயசு மட்டும் போதாது, பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருந்தால்தான் விலக்கு. இனி எந்தத் தோட்டாவும் போடலாம் என்றார், அதுதான் எல்லாவற்றையும் விட மோசம். இந்தக் குழலில் நைட்ரோ முத்திரையே கிடையாது, அதாவது இந்தக் காலத்துப் புகையில்லா மருந்துக்குச் சோதித்த அடையாளம் இல்லை, பழைய கரிமருந்துக்குச் சோதித்த குழல், அதையும் தேய்த்து மெலிய வைத்துவிட்டு இப்படிச் சொல்கிறார். வெடித்தால் போவது இடது கை.

யாரிடம் கொடுப்பதானாலும் முதலில் குழலைக் கழற்றி அடியில் உள்ள ஒவ்வொரு முத்திரையையும் வெயில் வெளிச்சத்தில் படம் எடுங்கள். ரசீதில் நம்பரையும், குழலின் நிறத்தையும் எழுதி வாங்குங்கள். விலை சொல்கிறவரே வாங்குவேன், பாலிஷ் போடுவேன் என்றால் வேறு ஆளிடமும் காட்டுங்கள். மகள் எடுத்த படத்தில் எந்த முத்திரை எங்கே என்று வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். உங்கள் தோக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.