ஐடி ஏஎம்சி கொடுக்கும் முன் டொமைன் யார் பெயரில் என்று பாருங்கள்

பெங்களூரில் சின்னதாகக் கம்பெனி, பட்டறை நடத்தும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்ட ஆளின் பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

பீன்யாவில் எங்களுடையது உதிரிபாகக் கம்பெனி. சில கம்ப்யூட்டர்கள், ஒரு சர்வர், அதில் கணக்கு எழுதும் டாலி. இவற்றைப் பார்த்துக்கொள்ள ஒருவருக்கு ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) கொடுத்திருந்தோம். சேலம் பக்கத்துக்காரர், வாய் நிறைய 'அண்ணே'. முதலாளிக்கு அதிலேயே பாதி கோட்டேஷன் ஓகே ஆகிவிட்டது. பிரிண்டர் மக்கர் பண்ணினால் பையன் உடனே வந்துவிடுவான், அதைக் குறை சொல்ல முடியாது.

ரினியூவலில்தான் சுயரூபம் தெரிந்தது. தொகையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கினார். சரி, வேறு ஆள் பார்க்கிறோம் என்றோம். "தாராளமா பாருங்கண்ணே. ஆனா டொமைன் என் பேர்ல இருக்கு" என்றார். எங்கள் கம்பெனிப் பெயரிலான டாட் இன் டொமைனை, அதாவது எங்கள் இணைய முகவரியை, எங்கள் பணத்திலேயே, தன் கணக்கில் பதிவு செய்திருக்கிறார். வேறு இடத்துக்கு மாற்ற ஆத் கோட் என்ற ரகசியக் குறியீடு வேண்டும். அது கணக்கு வைத்திருப்பவர் கைக்குத்தான் வரும். மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டை அவர் மாற்றினால் எங்களுக்கு வர வேண்டிய மெயில் வேறு எங்கோ போய்விடும். பர்ச்சேஸ் ஆர்டரெல்லாம் மெயிலில் வரும் கம்பெனி நாங்கள்! டாட் இன் பெயர்களை நிர்வகிக்கும் நிக்சியில் தகராறு தீர்க்க வழி உண்டுதான். ஆனால் அது கட்டணம் கட்டி நடுவர் முன் நடத்த வேண்டிய வழக்கு; மெயில் அதுவரை காத்திருக்குமா? கேட்டதில் ஒரு பகுதியைக் கொடுத்துத்தான் டொமைனையும் மெயிலின் அட்மின் கணக்கையும் மீட்டோம்.

உள்ளே போய்ப் பார்த்தால் அடுத்த கூத்து. வேலையை விட்டுப் போனவர்களின் மெயில் கணக்குகள் அப்படியே திறந்து கிடந்தன. மாதாமாதம் பேக்கப் என்று பில் போட்டது, சர்வரிலேயே எந்நேரமும் செருகிக் கிடக்கும் ஒரு டிஸ்க். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் சர்வரோடு அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். புதுசு என்று விற்ற அந்த டிஸ்க்கை டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ சாஃப்ட்வேர் போட்டுப் பார்த்தோம். அது ஓடிய மொத்த நேரம், எங்களிடம் வந்த நாளிலிருந்து இரவு பகலாக ஓடியிருந்தாலும் அவ்வளவு வராது. கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்பி ரோட்டில் வாங்கிய பழைய சரக்கு என்பது என் ஊகம்.

சர்வரில் யார் எப்போது என்ன செய்தார்கள் என்ற பதிவு, அதாவது லாக், கேட்டதற்கு, "அதெல்லாம் ஒரு வாரத்துல தானா அழிஞ்சிடும்ணே" என்றார். மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று போட்ட உத்தரவுப்படி லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், சைபர் தாக்குதல் தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். சிறு தொழில்களுக்கும் அவகாசம் அந்த வருடம் செப்டம்பர் 25-உடன் முடிந்துவிட்டது. நாளைக்கு ஏதாவது ஆனால் பதில் சொல்லப் போவது இந்த அண்ணனா?

டொமைன் கணக்கை உங்கள் கம்பெனி மெயிலில் திறக்காதீர்கள். டொமைன் போனால் அந்த மெயிலும் போய்விடும். தனி மெயில், முதலாளியின் போன் நம்பர். அட்மின் கணக்கு ஒன்று கட்டாயம் உங்களிடம் இருக்கட்டும். பேக்கப் ஓடுகிறது என்ற ரிப்போர்ட்டை வாங்கி ஃபைலில் போடுவதற்குப் பதில், ஒரு பழைய டாலி டேட்டாவைக் கண்ணெதிரே வேறு மெஷினில் ரீஸ்டோர் செய்யச் சொல்லுங்கள். விலகும்போது எதையெல்லாம் ஒப்படைக்க வேண்டும் என்பதும் அக்ரிமென்ட்டிலேயே வரட்டும்.

ஆள் இப்போது வேறு பெயரில் பொம்மசந்திரா பக்கம் கோட்டேஷன் கொடுத்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி.